சேப்பாக்கம் எழுந்து நின்ற நாள்: இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஆந்திரத்து ஊர் என்றாலும் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் இரண்டு மொழியும். காணும் பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்களுக்கும் நடக்கும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டியின் குழுவில் 20 வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் வந்தால் பையன்கள் எங்கள் தறிக்கூடத்து வாசலில்தான் கூடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். சொன்னதையே சொல்வதில் எனக்கு அலுப்பில்லை. ஆனாலும் பொறுமையாக எழுதினால் இன்னும் கொஞ்சம் சரியாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

1999 சேப்பாக்கம் டெஸ்டில் நீங்கள் இருந்தீர்களாமே, உண்மையா அண்ணா?

இருந்தேன். நான்காம் நாள் மட்டும். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது 24 வயது. திருத்தணியில் இருந்த என் தாய்மாமன் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். நானும் பக்கத்து வீட்டு நண்பனும் இருட்டோடு ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறினோம். மாமா திருத்தணியில் ஏறிக்கொண்டார். சென்ட்ரலில் இறங்கி நடந்தே மைதானத்துக்குப் போனோம். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை மதியம் வரை தாங்கவில்லை, வரிசையில் நிற்கும்போதே தீர்ந்துவிட்டது.

அந்த ஆட்டம் சென்னைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 12 வருடங்களுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. முதல் டெஸ்ட் டெல்லியில் நடப்பதாக இருந்தது. பாகிஸ்தான் வரக் கூடாது என்று சொல்லிச் சிலர் ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஆடுகளத்தையே தோண்டிப் போட்டுவிட்டார்கள். அதனால் டெல்லிக்கு இரண்டாவது டெஸ்ட், சென்னைக்கு முதல் டெஸ்ட் என்று மாற்றினார்கள். மைதானத்தைச் சுற்றிலும் போலீஸ். எங்கள் பையைப் பல முறை பிரித்துப் பார்த்தார்கள்.

இந்தியாவுக்கு இலக்கு 271. முந்தைய நாள் மாலை 2 விக்கெட்டுக்கு 40 என்று நின்றிருந்தது. காலையில் திராவிட், அசாருதீன், கங்குலி என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். 82 ரன்னுக்கு 5 விக்கெட். மாமா எழுந்து, “மத்தியான ரயிலுக்கே போய்விடலாம்” என்றார். அப்போதுதான் சச்சினும் நயன் மோங்கியாவும் நிலைத்து நின்றார்கள். இருவரும் சேர்த்தது 136 ரன். மோங்கியா 52 ரன்னில் ஆட்டமிழந்த பிறகும் சச்சின் நின்றார். அவருக்கு முதுகு வலி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மட்டையை ஊன்றிக் குனிந்து நிற்பது எங்கள் கேலரியிலிருந்தே தெரிந்தது. ஓடி எடுப்பதைவிட அடித்தே முடித்துவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என மாமா சொன்னார். சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார். பந்து மேலே போனது. வாசிம் அக்ரம் பிடித்தார். சச்சின் 136.

இன்னும் 17 ரன்தான் வேண்டும். கையில் 3 விக்கெட் இருக்கிறது. ஆனால் அந்த கேட்சைப் பிடித்த நொடியில் மைதானம் முழுவதும் அடங்கிவிட்டது. மின்சாரம் போனதும் தறிகள் எல்லாம் ஒன்றாக நிற்குமே, அப்படி. அடுத்த 4 ரன்னுக்குள் மீதி மூன்று விக்கெட்டும் விழுந்தன. இந்தியா 258. பாகிஸ்தானுக்கு 12 ரன்னில் வெற்றி.

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. பக்கத்தில் ஒருவர் கைதட்டும் ஓசை கேட்டது. பிறகு பலர். முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதற்காகத்தான் முதலில் எழுந்தேன், மரியாதைக்காக அல்ல. எழுந்து பார்த்தால் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் வருகிறார்களோ அந்தப் பக்கம் கைதட்டல் கூடுகிறது. எங்கள் கேலரிக்கு நேராக வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். வென்ற பெருமை இருந்தது. அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. நான் கைதட்டினேன். மாமாவும் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. தோற்ற துக்கமா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

தோற்ற பிறகும் ஏன் அப்படிக் கைதட்டினார்கள்?

சென்னைக்காரர்கள் இயல்பிலேயே உயர்ந்தவர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்கள் நல்ல ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள். முதல் இன்னிங்சில் கும்ளே 6 விக்கெட் எடுத்ததையும், அஃப்ரிடி இரண்டாம் இன்னிங்சில் 141 அடித்ததையும், வெங்கடேஷ் பிரசாத் வந்து பாகிஸ்தானின் கடைசி விக்கெட்டுகளைச் சீட்டுக்கட்டாகச் சரித்ததையும், சக்லைன் இரு இன்னிங்சிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்ததையும் பார்த்தவர்கள். நான்கு நாள் ஆட்டத்தை அப்படிப் பார்த்தவர்களுக்குக் கடைசியில் இரண்டு அணிகளும் சேர்ந்து செய்த வேலை அது என்று தெரியும்.

அந்தப் பழக்கம் அன்றைக்கு வந்ததும் அல்ல. 1997 மே 21 அன்று அதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 ரன் அடித்தார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காத ரன். கத்திரி வெயில். தசை பிடித்துக்கொண்டு ஓட முடியாமல், அவருக்குப் பதிலாக ஓட ஒருவரை வைத்துக்கொண்டு ஆடினார். சச்சின் பந்தில் ஆட்டமிழந்து திரும்பியபோது மைதானமே எழுந்து நின்றது. அன்றும் நாம் தோற்றோம். திராவிடின் முதல் ஒருநாள் சதமும் காப்பாற்றவில்லை.

கைதட்டுவதும் வேட்டி கட்டுவதைப் போலத்தான். பார்த்துப் பழக வேண்டும். மாமாவைப் பார்த்து நான் பழகினேன்.

எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்ததா?

இல்லை. சேப்பாக்கத்துக்குச் சில வாரங்களுக்குப் பிறகு, 1999 பிப்ரவரியில், கொல்கத்தாவில் நடந்த டெஸ்டில் சச்சின் ஷோயப் அக்தர் மீது மோதி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்துவிட்டது. கடைசி நாளில் போலீஸ் கேலரிகளைக் காலி செய்ய, வெறும் நாற்காலிகளின் முன்னால் பாகிஸ்தான் வென்றது. கொல்கத்தா ரசிகர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. ஒரே நாட்டில், ஒரே மாத இடைவெளியில், ஒரே இரண்டு அணிகளுக்கு இரண்டும் நடந்தது. எது நடக்கும் என்பது அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கிறது. இதைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இரண்டு அணிகளும் முதன்முதலில் எப்போது மோதின?

1952 அக்டோபரில், டெல்லியில். பாகிஸ்தான் ஆடிய முதல் டெஸ்டே அதுதான். அந்தத் தொடரில் யார் யார் எதிரெதிரே நின்றார்கள் என்று பாருங்கள். பாகிஸ்தான் அணித் தலைவர் அப்துல் ஹஃபீஸ் கர்தார் 1946இல் இந்தியாவுக்காக இங்கிலாந்தில் ஆடியவர். இந்திய அணித் தலைவர் லாலா அமர்நாத் லாகூரில் கிரிக்கெட் கற்று வளர்ந்தவர். பாகிஸ்தான் அணியில் இருந்த அமீர் இலாஹியும் இந்தியாவுக்காக ஆடியவர்தான். லக்னோவில் 12 விக்கெட் எடுத்துப் பாகிஸ்தானுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்த ஃபசல் மஹ்மூத், 1947இல் ஆஸ்திரேலியா போக வேண்டிய இந்திய அணிக்குத் தேர்வானவர். நாடு பிரிந்ததால் போகவில்லை.

ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்களைப் பிரித்து எதிரெதிர் அறையில் உட்கார வைத்தால் எப்படி ஆடுவார்கள்? தோற்றுவிடக் கூடாது என்ற பயத்தோடு ஆடினார்கள். 1954–55இல் பாகிஸ்தானில் ஐந்து டெஸ்ட், ஐந்தும் டிரா. 1960–61இல் இந்தியாவில் ஐந்து, அவையும் டிரா.

ஆனால் 1955இல் லாகூர் டெஸ்டுக்காக எல்லையைத் திறந்துவிட்டபோது, அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்டம் பார்க்க அந்தப் பக்கம் போனார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதே சாலையில் ஓடி வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மைதானத்தில் நடந்ததைவிட அந்தச் சாலையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கிரிக்கெட் மட்டும்தானா?

என் அப்பா காலத்தில் சண்டை என்றால் ஹாக்கிதான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் இறுதியில் இந்தியா 1–0. 1960 ரோமில் பாகிஸ்தான் 1–0. 1964 டோக்கியோவில் மறுபடி இந்தியா 1–0. மூன்று ஒலிம்பிக், மூன்று இறுதி, மூன்றும் ஒற்றை கோல். அந்த 1956 பாகிஸ்தான் அணியில் லத்தீஃபுர் ரஹ்மான், அக்தர் உசேன் என்று இருவர் இருந்தார்கள். இருவரும் 1948இல் இந்தியாவுக்காகத் தங்கம் வென்றவர்கள்! 1936இல் பெர்லினில் இந்தியாவுக்காக ஆடிய ஏ.ஐ.எஸ். தாரா, 1948இல் பாகிஸ்தான் அணிக்குத் தலைவர்.

1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் 7–1 என்று தோற்றதை எங்கள் தெருப் பெரியவர்கள் இன்றும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் நாம் 4–0 என்று வென்றோம். பாகிஸ்தான் வீரர்கள் சென்னைக்கு வந்து ஆடினார்கள், ஊர் அவர்களை மரியாதையோடு நடத்தியது. அதுவும் நடந்தது.

எங்கள் பந்து, மட்டை எல்லாம் மீரட் என்று போட்டிருக்கிறதே, அதற்கும் பிரிவினைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்ட பையன் எட்டாம் வகுப்பு. நல்ல கேள்வி. பிரிவினைக்கு முன் விளையாட்டுப் பொருள் என்றால், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். 1947இல் அங்கிருந்து வந்த தொழிலாளர்களும் வியாபாரிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டார்கள். சியால்கோட்டிலேயே இருந்தவர்கள் அங்கே தொடர்ந்தார்கள். 2014 உலகக் கோப்பை கால்பந்துகூட சியால்கோட்டில் செய்ததுதான். தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, கை வேலையைத் தூக்கிக்கொண்டு போகலாம். நெசவாளர் ஊரில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப் போட்டியையும் இந்தியா–பாகிஸ்தானையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. 1947இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். லட்சக்கணக்கானோர் செத்தார்கள். எங்கள் எல்லையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தத் துயரத்தோடு எங்கள் கதையை வைத்துப் பார்ப்பது தவறு.

ஆனால் ஒரே ஊராக இருந்தது கோடு போட்டுப் பிரிக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுக்க அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. என் தாத்தா எங்கேயும் குடிபோகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு மாநிலம் மாறியது. அவர் பெண் கொடுத்த வீடு இன்னொரு மாநிலத்தில் ஆனது. மனத்தாங்கல் இருந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதும் அந்த மனத்தாங்கல் பந்தோடு சேர்ந்து மைதானத்துக்கு வரும். திருத்தணிப் பக்கத்து அணியிடம் தோற்றால் வீட்டுக்குப் போகவே பிடிக்காது.

ஒரு பொங்கல் ஆட்டத்தைச் சொல்கிறேன். இறுதியாட்டம், எங்கள் ஊருக்கும் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றுக்கும். மாலை வெயில் நகரி மூக்கு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வேண்டியது 9 ரன். எங்கள் பையன் ஓங்கி அடித்தான். எதிரணிப் பையன் ஒருவன் எல்லைக் கயிற்றை ஒட்டி ஓடி, விழுந்து பிடித்தான். பிடித்தவன் எழுந்திருக்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் வலது கை நடுவிரல் பின்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. பந்து மட்டும் இடது கையில் பத்திரமாக இருக்கிறது.

எலும்பு முறிந்தால் இந்தப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டுதான். ஆட்டம் முடியவில்லை, எல்லோரும் களத்தில் இருக்கிறார்கள். சும்மா இருந்தது சற்று முன் ஆட்டமிழந்த எங்கள் பையன் ஒருவன்தான். அவன்தான் வண்டியை எடுத்தான். யார் அடித்த பந்தைப் பிடித்து இவன் விரலை உடைத்துக்கொண்டானோ, அதே பையன். பின்னால் நான் உட்கார்ந்து, நடுவில் அடிபட்டவனை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க அவன் வலியில் முனகினான். முனகலுக்கு நடுவே இரண்டு முறை கேட்டான்: “அது அவுட்தானே? கயிற்றில் கால் படவில்லையே?” இரண்டு முறையும் வண்டி ஓட்டியவன் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்: “அவுட்தான்டா. பாகா பட்டாவு.” நன்றாகப் பிடித்தாய் என்று தெலுங்கில் சொன்னான். எங்கள் பையன்களுக்கு மனம் நெகிழ்ந்தால் தெலுங்கு வந்துவிடும், கோபம் வந்தால் தமிழ்.

புத்தூரில் விரலை இழுத்து நேராக்கி, பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றினார்கள். இழுக்கும்போது அவன் எங்கள் பையனின் தோளைக் கடித்துவிட்டான், சட்டையில் பல் அடையாளம். திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது, நாங்கள் தோற்றிருந்தோம். கோப்பையை வாங்காமல் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தக் கேட்ச் இல்லாவிட்டால் நாங்கள் வென்றிருப்போம். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. போட்டி என்றால் உறுத்தத்தான் வேண்டும்.

எதிரணிக்குக் கைதட்டினால் தேசத்துரோகம் இல்லையா?

இல்லை. சச்சின் ஆட்டமிழந்தபோது எனக்கு வலித்ததே, அதுதான் என் நாட்டுப் பற்று. சக்லைனுக்குக் கைதட்டியபோது அந்த வலி ஓர் இழை குறைந்துவிடவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சு தாங்கும். தாங்காது என்று சொல்பவர்கள் ஆட்டத்தையும் அறியவில்லை, தங்கள் நெஞ்சையும் அறியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ஆத்திரம் தரும் விஷயம். நம் தெருவில் இருக்கும் முஸ்லிம் பையனிடம் மட்டும், “நீ யார் பக்கம்?” என்று கேட்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எங்கள் தறிக்கூடத்து வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் ஆட்டம் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவனை அப்படி அனுப்பியிருக்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு வந்தான், மன்னிப்புக் கேட்டான், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கிரிக்கெட் ஆடினால் சமாதானம் வருமா?

வராது. 1987 பிப்ரவரியில் எல்லையில் படைகள் குவிந்திருந்த நேரத்தில் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் டெஸ்ட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார். அந்தப் பதற்றம் தணிந்தது, பகை தீரவில்லை. சேப்பாக்கம் கைதட்டிய மூன்றாவது வாரம் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். மே மாதத்தில் கார்கில். ஜூன் 8 அன்று, கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, மான்செஸ்டரில் உலகக் கோப்பையில் இரண்டு அணிகளும் ஆடின. பிரசாத் 5 விக்கெட் எடுத்தார், நாம் வென்றோம். 2011 மார்ச் 30 மொகாலி அரையிறுதியை இரண்டு பிரதமர்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகும் எதுவும் மாறிவிடவில்லை.

ஆட்டத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாது என்பது என் கருத்து. சமாதானம் கொண்டுவருவது மட்டையின் வேலை அல்ல. அடுத்த வீட்டுக்காரனுக்கும் முகம் உண்டு என்று காட்டுவது மட்டும்தான் அதனால் முடியும். அதுவே பெரிய காரியம்.

பாலாஜியைப் பாகிஸ்தானில் கொண்டாடினார்கள் என்பது நிஜமா?

நிஜம். 2004இல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது, “ஆட்டத்தை மட்டுமல்ல, இதயங்களையும் வெல்லுங்கள்” என்று சொல்லி வாஜ்பாய் அனுப்பினார். ஒருநாள் தொடர் 3–2, டெஸ்ட் தொடர் 2–1, இரண்டும் நமக்கு. பாகிஸ்தான் மண்ணில் நாம் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. முல்தானில் சேவாக் 309. ஆனால் அங்கே கூட்டம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நம் சென்னைப் பையன் லட்சுமிபதி பாலாஜியை. வேகப்பந்து வீச்சாளர். கடைசியில் இறங்கி மட்டையைச் சுழற்றுவார், அடி வாங்கினாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு லாகூரில் இருந்தவர்கள் மயங்கினார்கள். ஆட்டம் பார்க்கப் போன இந்தியர்களிடம் கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

இப்போது ஏன் இரண்டு அணிகளும் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போவதில்லை?

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு தொடர்கள் நின்றன. நடுவில் 2012 டிசம்பரில் ஒரு குறுகிய தொடருக்குப் பாகிஸ்தான் வந்தது. அதன் முதல் ஒருநாள் ஆட்டமும் சேப்பாக்கத்தில்தான். 29 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு தோனி 113 அடித்தும் தோற்றோம். அதற்குப் பிறகு இருநாட்டுத் தொடரே இல்லை. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை போன்றவற்றில் மட்டும் சந்திக்கிறார்கள், பெரும்பாலும் துபாய், கொழும்பு என்று மூன்றாவது ஊரில்.

2025இல் கைகுலுக்காமல் போனது சரியா?

எளிதான பதில் என்னிடம் இல்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் இரண்டு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டன. செப்டம்பர் 14 அன்று துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் இந்திய வீரர்கள் கைகுலுக்காமல் போனார்கள். இறுதியாட்டத்தை வென்ற பிறகு, பாகிஸ்தான் அமைச்சராகவும் இருந்த ஆசியக் கிரிக்கெட் தலைவர் கையால் கோப்பையை வாங்கவும் மறுத்தார்கள். கணவனை, அப்பாவை இழந்தவர்களின் துக்கத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் யாருக்கும் பாடம் சொல்ல முடியாது.

ஆனாலும் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். ஆட மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மதிப்பேன். ஆடுவது என்று முடிவு செய்துவிட்டால் கை கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். எதிரே நிற்கும் இருபது வயதுப் பையன் துப்பாக்கி பிடித்தவன் அல்ல. அடுத்த மாதமே மலேசியாவில் ஜூனியர் ஹாக்கிப் போட்டியில் இரண்டு நாட்டு இளைஞர்களும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்தப் பதிலை ஏற்காதவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களோடும் டீ குடிக்கிறேன்.

நீரஜ் சோப்ராவும் அர்ஷத் நதீமும் நண்பர்களா?

2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் ஈட்டி எறிதலில் நீரஜ் தங்கம், அர்ஷத் வெள்ளி. படம் எடுக்கும்போது கொடியில்லாமல் தள்ளி நின்ற அர்ஷத்தை நீரஜ் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். 2024 ஆகஸ்ட் 8, பாரிஸ் ஒலிம்பிக்கில் அர்ஷத் 92.97 மீட்டர் எறிந்து தங்கம், நீரஜ் 89.45 எறிந்து வெள்ளி. அன்றிரவு அரியானாவில் நீரஜின் தாயார், தங்கம் வென்றவனும் எங்கள் பிள்ளைதான் என்றார். பாகிஸ்தானில் அர்ஷத்தின் தாயாரும் நீரஜைப் பற்றி அப்படியே சொன்னார். என் மனைவி இந்தச் செய்தியைக் கேட்டுத் தறிக்கு நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு, “அம்மாக்காரிகளிடம் விட்டிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும்” என்றாள்.

ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை வென்றபோது சேப்பாக்கம் ஆர்ப்பரித்ததே, அது வெறுப்பால்தானே?

2023 அக்டோபர் 23, உலகக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தான் 282, ஆப்கானிஸ்தான் இரண்டே விக்கெட் இழந்து அதைக் கடந்தது. கொஞ்சம் வெறுப்பும் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எளிய அணி பெரிய அணியை வீழ்த்தினால் உலகில் எந்தக் கேலரியும் துள்ளும். அதுவும் அந்த ஆப்கானியர்களின் கதை தெரிந்தவர்களுக்கு வேறு விதமாக இருந்திருக்கும். அகதியாகப் போய் பாகிஸ்தானின் பெஷாவர் முகாம்களில்தான் அந்த நாட்டுக்காரர்கள் கிரிக்கெட் பழகினார்கள். கற்றுக்கொடுத்த வீட்டையே வென்ற நாள் அது.

பொங்கல் போட்டியில் எங்கள் அணியைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

மார்கழி முடிவதற்குள் குழுவில் பெயர் கொடுத்துவிடுங்கள். எட்டு அணிதான், நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம். பந்து நாங்கள் தருவோம், மட்டை உங்களுடையது. நடுவர் இருவர், ஒருவர் நகரிப் பக்கம், ஒருவர் திருத்தணிப் பக்கம். அடிபட்டால் புத்தூருக்குப் போக வண்டியும் பெட்ரோலும் எங்கள் பொறுப்பு. ஒரே ஒரு விதி மற்ற ஊர்ப் போட்டிகளில் இருக்காது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள்: கோப்பையைக் கொடுப்பது எந்தப் பெரிய மனிதரும் அல்ல. தோற்ற அணியின் தலைவன் வென்ற அணியின் தலைவன் கையில் கொடுக்க வேண்டும்.